பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

கேள்வி: ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்க, மாற்றியமைக்கப்பட்ட சிலிக்கா நானோ துகள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். மணலும் சிலிக்காதானே? மணல் செய்யாத வேலையை அந்தத் துகள் எப்படிச் செய்கிறது?

பதில்: வேதிப்பெயர் ஒன்றுதான், உடலமைப்பு வேறு. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் இறுகிய படிகம் என்பதால் வாயு உள்ளே நுழைய வழியே கிடையாது. ஆய்வகத்தில் தயாரிக்கும் சிலிக்காவை உள்ளெல்லாம் துளையாகவே வளர்த்தெடுக்கலாம். 1992-இல் மொபில் நிறுவன விஞ்ஞானிகள் அறிவித்த எம்.சி.எம்.-41 என்ற வகையில் துளைகளின் அகலம் சில நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதன் ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும்.

ஆனால் இத்தனை பரப்பு இருந்தும் வெறும் சிலிக்கா கரியமில வாயுவை லேசாகத்தான் பற்றுகிறது. இறுகப் பிடிப்பது அதன்மேல் நாம் ஏற்றும் அமீன் என்ற, நைட்ரஜன் அடங்கிய காரத்தன்மையுள்ள சேர்மம். நுனியில் அமீன் உள்ள சிலேன் என்ற சிலிக்கான் சேர்ம மூலக்கூறுகளைத் துளைச் சுவரில் வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது ஒரு முறை. பாலிஎத்திலீனிமின் என்ற, அமீன்கள் நிறைந்த பிசுபிசுப்பான பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, துளைகளுக்குள் ஊறவைத்து, கரைப்பானை மட்டும் ஆவியாக்கிவிடுவது இன்னொரு முறை. உலர்ந்த வாயுவில் இரண்டு அமீன்கள் சேர்ந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கார்பமேட் என்ற சேர்மமாக மாற்றிப் பிடிக்கின்றன. ஈரம் இருந்தால் ஒரே அமீன் ஒரு மூலக்கூறைப் பைகார்பனேட் என்ற உப்பாக மாற்றிப் பிடிக்கவும் இடமுண்டு. ஜியோலைட் என்ற துளைகள் நிறைந்த கனிமம் போன்ற பொருள்கள் நீராவியைக் கண்டதும் கரியமில வாயுவைக் கைவிட்டுவிடுகின்றன. புகைபோக்கிக் காற்று எப்போதும் ஈரமானது என்பதை எண்ணிப் பார்த்தால், அமீன் ஏற்றிய சிலிக்காவின் இந்தக் குணம் எவ்வளவு பெரிய வரம் என்பது விளங்கும்.

கேள்வி: அமீன் கரைசலைக் கொண்டு வாயுவைக் கழுவும் முறை முன்பே இருக்கிறதே? பிறகு தூள் எதற்கு?

பதில்: இருக்கிறது, 1930-லேயே காப்புரிமை பெற்ற முறை அது. வழக்கமான கரைசலில் சுமார் 30 சதவீதம் அமீன், மீதி தண்ணீர். கரைசலை மீண்டும் பயன்படுத்துவதற்காக, பிடித்த வாயுவை விடுவிக்க ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, வேலை எதுவும் செய்யாத அந்தத் தண்ணீரையும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தே சூடாக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் சிலிக்காவைச் சூடாக்க, அதே அளவு தண்ணீருக்கு ஆகும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போதும். அமீனுக்கும் வாயுவுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கும் வெப்பத்தை இரு முறைகளிலும் கொடுத்தே தீர வேண்டும். தூளில் மிச்சமாவது தண்ணீரைச் சூடாக்கும் செலவுதான்.

கேள்வி: ஆய்வகத்தில் வெற்றி என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பிறகு ஏன் புகைபோக்கிதோறும் இது இல்லை?

பதில்: அந்த வெற்றியை முதலில் அருகிலிருந்து பார்ப்போம். 10 மில்லிகிராம் வெண்தூளை நுட்பமான தராசின் சிறு தட்டில் இட்டு, 75 டிகிரியில் வைத்து, நைட்ரஜனை நிறுத்திக் கரியமில வாயுவைத் திறந்துவிடுவார்கள். திரையில் எடைக்கோடு சில நிமிடங்கள் மளமளவென்று ஏறும். பிறகு தயங்கித் தயங்கி, ஒரு மில்லிகிராம் கூடிய அளவில் நின்றுவிடும். மீண்டும் நைட்ரஜனைத் திறந்தால் கோடு இறங்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் எம்.சி.எம்.-41-இல் பாலிஎத்திலீனிமினை நிரப்பி, ஒரு கிராமுக்கு 133 மில்லிகிராம் வரை பிடித்துக் காட்டினார்கள். வழக்கமாகச் சூடு ஏறினால் வாயு நழுவும். இங்கோ 75 டிகிரியில்தான் பிடிப்பு உச்சம். குளிர்ந்த நிலையில் பாலிமர் இறுகிய தேனைப் போலத் துளையை அடைத்துக்கொள்வதால், ஆழத்தில் உள்ள அமீன்களை வாயு எட்ட முடிவதில்லை.

இனி ஆலைக்கு வருவோம். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டன் கரியமில வாயுவை வெளிவிடும். ஒரு கிராம் தூள் சுற்றுக்கு 0.1 கிராம் பிடிக்கிறது, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொண்டால், 4,000 டன்னுக்கு மேல் தூள் வேண்டும்; அது ஆண்டுக்கு 8,000-க்கும் மேற்பட்ட முறை பிடித்து, விட்டாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சூடான நிலையில் ஆக்சிஜன் பட்டால் அமீன் கெடுகிறது. உலர்ந்த கரியமில வாயுவில் அதிகம் சூடாக்கினால் யூரியாப் பிணைப்புகள் உருவாகி, அந்த அமீன்கள் செயலிழக்கின்றன. நீராவி சேர்த்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம். புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடோ அமீனைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. அதை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். ஆகவே, ஒரு கிராமுக்கு எவ்வளவு பிடித்தது என்ற எண்ணைவிட, ஈரமும் ஆக்சிஜனும் கலந்த உண்மையான புகையில் எத்தனையாவது சுற்று வரை அந்த அளவு குறையாமல் நின்றது என்ற எண்ணையே நான் முதலில் தேடுகிறேன். பல செய்திகளில் அது இருப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: இவ்வளவு நுண்ணிய தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகாதா?

பதில்: சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குவது படிகச் சிலிக்காவின் தூசு, இங்கே பயன்படுவது படிகமில்லாத சிலிக்கா. ஆனாலும் எந்த நுண்தூசும் மூச்சில் போகக் கூடாது என்பதால், தூளைக் கையாள்வோர் முகக்கவசம் அணிந்தே ஆக வேண்டும். தூளாகவே கொட்டி வைத்தால் புகை ஊடுருவிச் செல்வதும் கடினம். எனவே ஆலைப் பயன்பாட்டுக்கு அதைச் சிறு மணிகளாக உருட்டியோ, தேன்கூடு வடிவச் சட்டங்களின் சுவரில் பூசியோதான் வைக்கிறார்கள்.