எடை 104 கிலோ, பிபி 150/100. ஈசிஜி நார்மல், தொந்தரவு எதுவும் இல்லை. இதயத்துக்கு ஆபத்து உண்டா?

"தொந்தரவு எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். "முதலில் எடையைக் குறைத்துப் பார்ப்போம், அப்புறம் மாத்திரை" என்று நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பீர்கள். சரிதானே?

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் கணக்கு டீச்சர். எடை 92 கிலோ. எனக்கும் ஈசிஜி நார்மல்தான். ஆனால் இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறிப்போனால் அட்டென்டன்ஸ் எடுக்க மூச்சு வராது. யாரிடம் சொன்னாலும் "உடம்பைக் குறைங்க டீச்சர்" என்பார்கள். மாமியார் முதல் ஸ்டாஃப் ரூம் வரை இதே பதில். குண்டாக இருப்பவளுக்குக் காலில் முள் குத்தினாலும் எடைதான் காரணம்!

எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மி.மீ. பெண்களுக்கு 9 வரை இருக்கலாமாம். உடம்பு பருமனாக இருந்தால் நெஞ்சில் இருக்கும் கொழுப்பு மின் சிக்னலை மட்டுப்படுத்திவிடும், அதனால் இந்தத் தடிப்பு ஈசிஜியில் பல நேரம் சிக்காது என்றார் இதய டாக்டர்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. எடை கூடினால் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிகமாக இறைக்க வேண்டியிருப்பதால் அறை விரிகிறது. பிபி செய்வது வேறு வேலை. எதிர்த்து நிற்கும் அழுத்தத்தைத் தள்ளித் தள்ளி, ஜிம்முக்குப் போனவன் புஜம் மாதிரி சுவர் தடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தடித்த சுவர் சரியாகத் தளர்வதில்லை. தளராத அறையில் ரத்தம் இறங்கத் திணறும். அந்த அழுத்தம் பின்னால் நுரையீரல் வரை போகும். படியேறினால் மூச்சு வாங்குவது அதனால்தான். மேலறையும் விரிந்தால் துடிப்பு தாறுமாறாகி, உள்ளே ரத்தம் கட்டி, பக்கவாதம் வரைக்கும் போகலாம். எடையும் பிபியும் சேர்ந்து இருப்பவருக்கு இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். இதில் பெரும்பகுதி வலியே இல்லாமல் நடக்கிறது என்பதுதான் உங்களுக்கான பதில்.

"குண்டை நியாயப்படுத்துகிறாள்", "மருந்துக் கம்பெனி ஆள்" என்று கமெண்ட் வரும், தெரியும். எடையைக் குறைக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு கிலோ குறைந்தால் பிபி தோராயமாக ஒரு புள்ளி இறங்கும் என்கிறார்கள். உங்கள் 150, 130 ஆவதற்கு எத்தனை கிலோ, எத்தனை மாதம் என்று கணக்குப் போடுங்கள். அதுவரை சுவர் சும்மா இருக்குமா? எனக்குப் பிபிக்கு முதலில் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையில் கணுக்கால் வீங்கியது. சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். எடை நாலு கிலோதான் குறைந்தது. சுவர் 11 மி.மீ.க்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவில்லை.

நடக்கச் சொல்கிறார்கள், எங்கே நடப்பது? எங்கள் குடியிருப்பில் நடைபாதை என்று காட்டித்தான் வீட்டை விற்றார்கள். இன்று அதில் கார் நிற்கிறது. சங்கத்தில் கேட்டால் "மொட்டை மாடியில் நடங்க மேடம்" என்கிறார் செயலாளர். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி அவரிடம். மாதப் பராமரிப்புப் பணம் மட்டும் ஒரு நாள் தாமதித்தால் வாட்ஸப்பில் பெயர் போடுவார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் 150/100-ஐ கையில் சுற்றும் எந்த அளவுப் பட்டையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பிபி கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேட்டதற்கு ஒரு கிளினிக்கில் என்னை முறைத்தார்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். அதிலும் 150 வந்தால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, எக்கோவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டு, அதையும் அவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் பிபி மாத்திரைக்கு அடங்காமல் போகலாம்.