கேள்வி – பதில்: மாயக்கதைக்கு யார் இயக்குநர்?

கே: பிடித்த மாயாஜால நாவல் படமானால், பிரம்மாண்டப் படம் எடுத்தவரிடம் கொடுப்பதுதானே சரி? ரசிகர்கள் அப்படித்தானே இயக்குநர் பட்டியல் போடுகிறார்கள்?

ப: பட்டியல் சறுக்குவதே அங்கேதான். ஹாரி பாட்டரையே பாருங்கள். முதல் இரண்டு படங்கள் கிறிஸ் கொலம்பஸுக்குப் போயின. 'ஹோம் அலோன்' எடுத்தவர். சிறுவர்களை நடிக்கவைக்கத் தெரிந்தவர். மூன்றாவதை (2004) அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்தபோது படத்தின் நிறமே இருண்டது, பிள்ளைகள் சீருடையைக் கழற்றிவிட்டு சாதாரண உடையில் திரிந்தார்கள். கதாபாத்திரங்களுக்கு வயது ஏறியிருந்ததால் அது பொருந்தியது. கடைசி நான்கும் டேவிட் யேட்ஸ். ஆக, கதையின் வயதைப் பார்த்து ஆள் தேடுங்கள். பட்ஜெட்டைப் பார்த்து அல்ல.

அப்புறம் நீளம். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். 150 நிமிடப் படம் என்றால் 150 பக்கம்தான். 700 பக்க நாவலில் நீங்கள் சொல்லும் இயக்குநர் எதை வெட்டுவார்? 'தி ஹாபிட்' இதற்கு நேர்மாறு: ஒரே நாவல், 2012 முதல் 2014 வரை மூன்று படங்கள். இழுவை நன்றாகவே தெரிந்தது! அதை இயக்கவிருந்த கில்லெர்மோ டெல் டோரோ, படப்பிடிப்பு தள்ளிக்கொண்டே போனதால் 2010-இல் விலக, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை எடுத்த பீட்டர் ஜாக்சனே பொறுப்பேற்றார். கால்ஷீட் விஷயம் இப்படித்தான். உங்கள் பட்டியலில் இரண்டாவது பெயரையும் எழுதிவையுங்கள்.