விடுப்பு என்றால் லீவா?

கேள்வி: எங்கள் மாடியில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. தெருவில் இரண்டு ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டதைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா, "விடுப்புப் பார்த்தது காணும், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்" என்றார். 'காணும்' என்றால் போதும் என்று தெரியும்; விடுப்பை எடுப்பார்கள், பார்ப்பார்களா? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். கேட்கலாம், கதைக்கலாம். ஆபீசில் எழுதிக் கொடுப்பது யாழ்ப்பாணத்தாரான எங்களுக்கு லீவுதான். யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் அடுத்தவர் சங்கதியை அறியும் தினவு. நான் சென்னைக்கு வந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர், "மூணு நாள் விடுப்பு கேட்டிருக்கேன் சார்" என்றார். மூன்று நாளாக யாரைப் பற்றி என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஊரில் என் குஞ்சியம்மா, அதாவது சித்தி, இதில் விண்ணி, பெரிய கெட்டிக்காரி. எங்கள் படலையடியில் (வாசல் கேட்டடியில்) மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றால் போதும், கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் (வேலிச் சந்து வழியாக) வந்துவிடுவார். கையில் வெறும் பேணி, அதாவது குவளை. சீனி கடன் கேட்க வந்ததாகப் பேர்.

"என்ன மோனை, ஆரோ வந்திட்டுப் போகினம் போல கிடக்கு?"

"தெரிஞ்ச ஆக்கள், குஞ்சியம்மா."

"எந்தத் தெரிஞ்ச ஆக்கள்? கையில குறிப்புக் கொப்பி மாதிரி ஒண்டு இருந்தது…"

குறிப்பு என்றால் சாதகம்; கல்யாணப் பேச்சா என்று மோப்பம் பிடிக்கிறார். இப்படி விடாமல் நோண்டுவதை 'விடுத்து விடுத்துக் கேட்கிறது' என்போம். விடுப்பும் அதன் உறவுதான் என்பது என் ஊகம். பேணியை மறந்துவிட்டுப் போன நாட்களும் உண்டு.

ஆர்வம் எல்லாம் விடுப்பு ஆகாது. பிள்ளை ரேடியோவைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், அது ஆர்வம். அதே பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா ஏன் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று கேட்டால், "உனக்கேன் உந்த விடுப்பு?" என்று குட்டு விழும்.

உங்கள் பக்கத்தில் இதற்கு வேடிக்கை, வம்பு என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. வம்புக்குப் புதுமை என்றும் பழைய பொருள் உண்டு. பருவம் தப்பிப் புதிதாகப் பெய்யும் மழையைக் குறுந்தொகை 'வம்ப மாரி' என்கிறது. நாங்களோ செய்தியையே 'புதினம்' என்போம், நாவலை அல்ல. புதிது என்றால் ஊர்வாய் சும்மா இருக்குமா?

அந்த அம்மா உங்களைக் கண்டிக்கவில்லை, செல்லமாகக் கேலி செய்திருக்கிறார். போய்த் தேத்தண்ணி குடியுங்கள். அதிருக்கட்டும், அந்த ஆட்டோக்காரர்களில் முதலில் கை வைத்தது யார்? எழுதாமல் விட்டுவிட்டீர்களே.