விறகு பிளக்க 5 டன் விசையுள்ள மின்சார இயந்திரம் போதுமா, 20 டன் பெட்ரோல் இயந்திரம் வேண்டுமா?

வணக்கம். வீட்டு அடுப்புக்கு மட்டும்தான் விறகு, கட்டைகள் 20 முதல் 30 செ.மீ. குறுக்களவு, அவற்றில் பாதி கணு விழுந்தவை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கணுதான் இங்கே சிக்கல். நேரான நார் கொண்ட கட்டையை 5 டன் இயந்திரமே எளிதாகப் பிளந்துவிடும். கணுவும் முறுக்கிய நாரும் உள்ள 30 செ.மீ. கட்டையில் ஆப்பு பாதியில் சிக்கி நின்றுவிடும். பிறகு அதைச் சுத்தியலால் தட்டி விடுவிப்பதற்குக் கோடரியே மேல் என்று தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனாலும் உங்களுக்கு 20 டன் தேவையில்லை என்பது என் எண்ணம். பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சலும் பராமரிப்பும் தனித் தலைவலி. புகையால் கொட்டகைக்குள் ஓட்டவும் கூடாது. 7 டன் மின்சார இயந்திரம் பாருங்கள். கணுக்கட்டையை நடுவில் பிளக்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான மரங்கள் பச்சையாக இருக்கும்போதே எளிதில் பிளக்கும், காயவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வாங்குமுன் எவ்வளவு நீளக் கட்டை ஏற்கும் என்று பாருங்கள். இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்குகிறதா என்பதையும் பாருங்கள், விரல்கள் முக்கியம். உங்களுடையது என்ன மரம்?