ஆளுநர் என்ற ஒரே சொல்

கேள்வி: அமெரிக்காவில் புளோரிடா மாநில ஆளுநர் கொவிட் காலத்தில் மத்திய அரசோடு நேருக்கு நேர் மோதினார். தடுப்பூசியைக் கட்டாயப்படுத்த விடமாட்டேன் என்றார். தன் மக்களுக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதிலும் மத்திய அரசுக்கு அடங்கவில்லை. நமக்கும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்திடம் தந்திருக்கிறது. ஆனால் கிழக்கு மாகாணம் வாயே திறக்கவில்லை. தடுப்பூசி, மருந்து எல்லாம் முழுதாக மாகாணத்தின் கையில் இருந்திருந்தால், கொழும்பின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போமா?
— வாசகர், கல்முனை

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் பிழை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்கு உரியதைக்கூடக் கேட்கத் தெரியாமல் நிற்போம்.

முதலில் புளோரிடா. 2021இல் அந்த மாநிலம் கொவிட் நோயாளிகளுக்குப் பிறபொருளெதிரி (வைரஸைப் பிடித்து மடக்கும் புரதம்) மருந்து ஏற்றும் நிலையங்களை ஊர் ஊராகத் திறந்தது. அது நல்ல காரியம். ஆனால் அந்த மருந்தை விலை கொடுத்து வாங்கியது மத்திய அரசு. செப்டெம்பரில் தெற்கே உள்ள ஏழு மாநிலங்கள் மட்டும் நாட்டின் மருந்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருந்தபடியால், பங்கீட்டை மத்திய சுகாதாரத் திணைக்களம் தன் கைக்கு எடுத்தது. ஆளுநர் கொதித்தார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நேரம் நோய் அங்கேதான் கடுமையாகப் பரவிக்கொண்டிருந்தது. பிறகு ஒமிக்ரோன் வந்தது. அங்கே பாவனையில் இருந்த இரண்டு மருந்துகள் அதற்கு வேலை செய்யாது என்று தெரிந்ததும், 2022 ஜனவரி 24 அன்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அவற்றின் பாவனையை நிறுத்தியது. ஆளுநர் அதையும் எதிர்த்தார். நீங்கள் வீரம் என்று சொல்வது இதைத்தான். ஒரு மருந்து வைரஸைப் பிடிக்குமா இல்லையா என்பது ஆய்வுகூடம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. புளோரிடாவுக்கு ஓர் ஒமிக்ரோன், பக்கத்து ஜோர்ஜியாவுக்கு இன்னோர் ஒமிக்ரோன் என்று கிடையாது. வேலை செய்யாத மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும் உரிமையை எந்த மாநிலமும் கேட்கக் கூடாது.

அதே நாட்டில் ஊசியைக் கட்டாயமாக்கும் விடயம் வேறு வழியில் போனது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை ஊசி போட மறுத்த ஒருவருக்கு 5 டொலர் அபராதம் விதித்தார்கள். அவர் வழக்காடினார். மக்கள் சுகாதாரத்துக்காக அப்படிச் சட்டம் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1905இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் ஊசி அல்லது வாராந்தப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்த விதியை, அதே நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று தடுத்து நிறுத்தியது. மத்திய அரசின் பணம் பெறும் வைத்தியசாலைகளின் ஊழியர்களுக்கான ஊசி விதியை அதே நாளில் அனுமதித்தது. எதை யார் செய்யலாம் என்று விடயம் விடயமாகப் பிரித்திருக்கிறார்கள். மருந்தை அங்கீகரிப்பது ஓரிடம், ஊருக்குள் விதி செய்வது இன்னோரிடம்.

முழுதாக மாகாணத்தின் கையில் வேண்டும் என்கிறீர்கள். தடுப்பூசிக் கொள்வனவில் ஒரு பங்கை மாநிலங்களிடம் விட்ட இந்தியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 மே 1 முதல் மாநிலங்கள் தாமாகவே தடுப்பூசி வாங்கலாம் என்று டில்லி சொன்னது. மத்திய அரசுக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த கொவிஷீல்ட், மாநிலங்களுக்கு 300 ரூபாய். தமிழ்நாடு 3.5 கோடி ஊசிக்கு உலக டெண்டர் கோரியது. ஒரு நிறுவனமும் வரவில்லை. பஞ்சாப் நேரடியாகக் கேட்டபோது, நாங்கள் மத்திய அரசோடு மட்டும்தான் பேசுவோம் என்று மொடர்னா பதில் அனுப்பியது. ஜூன் 7 அன்று பிரதமர் கொள்வனவைத் திரும்ப மத்திக்கே எடுத்தார். ஏழு கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டுக்கே வராத கம்பனி, திருகோணமலையில் இருக்கும் நமது மாகாண அலுவலகத்துக்கு வந்திருக்குமா? தடுப்பூசியை நாடு ஒன்றாக நின்று வாங்க வேண்டும், ஒரே அதிகாரசபை சோதித்து அனுமதிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

இதை நமது அரசியலமைப்பும் தெளிவாகவே சொல்கிறது. அதிகாரங்களைப் பிரித்து எழுதிய ஒன்பதாவது அட்டவணையின் முதலாவது நிரலில் (பட்டியலில்) மாகாணத்துக்கு என்ன இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் தவிர்ந்த மற்றவை, பொதுச் சுகாதார சேவை, சுகாதாரக் கல்வி, தாய் சேய் நலம், மாகாணத்துக்கான வருடாந்த சுகாதாரத் திட்டம். வைத்தியசாலைகளுக்கு வசதி செய்து கொடுப்பதும் மாகாணத்தின் வேலை. ‘மருந்துக் கொள்வனவு நீங்கலாக’ என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது மூன்றாவது நிரலில், இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறது. இன்னொன்றும் அந்த முதலாவது நிரலில் இருக்கிறது; அதை மறந்துவிடாதீர்கள், பின்னர் அதற்கு வருகிறேன். அடக்கமும் அடக்கத்தலங்களும், தகனமும் தகனத்தலங்களும் மாகாணத்துக்கு உரியவை.

அப்படியானால் கிழக்கு மாகாணம் ஏன் வாய் திறக்கவில்லை? திறக்க வாய் இருக்கவில்லை. 2008இல் முதன்முதலாகத் தெரிவான கிழக்கு மாகாண சபையின் இரண்டாவது தவணை 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. கொவிட் வந்தபோது முதலமைச்சர் இல்லை, மாகாண சுகாதார அமைச்சர் இல்லை, கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இருந்தவர் ஆளுநர். உங்கள் கேள்வியின் பிழை இந்தச் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. புளோரிடாவிலும் ஆளுநர், இங்கும் ஆளுநர். அங்குள்ளவரை அந்த மாநில மக்கள் வாக்குப்போட்டுத் தெரிவு செய்தார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அனுப்பிவிடலாம். நமது ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், ஜனாதிபதி விரும்பும்வரை இருப்பார். கொழும்பின் முடிவை எதிர்த்துப் பேசுமாறு கொழும்பு அனுப்பியவரிடம் எப்படிக் கேட்பது? கொவிட் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. விதி செய்வது சுகாதார அமைச்சர், கையில் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். இந்த வரிசையில் கிழக்கின் வாக்காளருக்கு எங்கும் இடமில்லை.

அதன் விலை என்ன என்று அறிய அமெரிக்கா போகத் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குப் போங்கள்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் சுகாதார அமைச்சின் சொந்த வழிகாட்டி, கொவிட்டில் இறந்தவரை அடக்கம் செய்யலாம் என்றே சொன்னது. சில நாட்களில் அது மாறியது. ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி, 800 முதல் 1200 பாகை வெப்பத்தில் எரிக்க வேண்டும், வேறு வழியில்லை என்றது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் கபன் துணியை, இறந்தவரைப் போர்த்தும் வெள்ளைத் துணியை, கட்டி அழுதார்கள். ஓராண்டுக்குக் கிட்டக் கடந்து, 2021 பெப்ரவரி 25 அன்றுதான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. இடமாக முதலில் வடக்கில் உள்ள இரணைதீவைச் சொன்னார்கள்; அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 முதல் அது ஓட்டமாவடியின் சூடுபத்தினசேனை, மஜ்மா நகர் ஆனது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் ஜனாஸா இங்கே வந்தது. 3,600க்கும் மேற்பட்டவர்களை அந்த மண் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானோர் முஸ்லிம்கள்; இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். பற்றைக்காட்டுக்கு நடுவே வரிசை வரிசையாக மண்மேடு, தலைமாட்டில் ஓர் இலக்கம். எந்த இலக்கம் யாருடையது என்று தெரிந்தவர்கள் மட்டும் அந்த இடத்தில் குந்திக்கொண்டு துஆ கேட்கிறார்கள். என்னோடு வந்த நண்பர் தன் வாப்பாவின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். மனப்பாடமாகத் தெரிந்த இலக்கத்தை, அந்த வரிசையில் போய் நின்ற பிறகும் கடதாசியை எடுத்து ஒருதரம் பார்த்தார்.

அடக்கத்தலம் மாகாணத்துக்கு உரியது என்று நிரலில் இருக்கிறது என்றேனே, அது இதற்காகத்தான். அந்த நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, நிபுணர் குழுவின் அறிக்கையைக் கொண்டுவா, எங்கள் மண்ணின் நீர்மட்டத்தை அளந்து காட்டு என்று கேட்க ஒரு சபை இருந்திருந்தால், அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். கொழும்பு அதையும் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை என்று எழுதிவைக்க முடியாமல் போயிருக்கும். கடைசியில் நிலத்தையும் ஆளையும் கொடுத்து வேலையைச் செய்தவர்கள் யார்? தெரிவான பிரதேச சபையும் ஊர்ப் பொடியன்மாரும். பாராளுமன்றத்துக்குக் கீழே வாக்குப்பெற்றவர்கள் அந்த மட்டத்தில் மட்டும்தான் அப்போது மிஞ்சியிருந்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவர் எரிந்தவர்தான்.

விஞ்ஞானம் மத்தியில் இருக்கிறது, மாகாணத்துக்கு அது விளங்காது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் கேகாலையிலிருந்து வந்த தேன்பாணியை கொவிட்டுக்கு மருந்தென்று பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர் மத்திய சுகாதார அமைச்சர். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. மத்தியில் இருப்பதால் ஒரு முடிவு விஞ்ஞானமாகிவிடாது.

ஊசி வாங்குவது மத்தியின் வேலை என்றேன். வந்த ஊசியை யாருக்கு, எங்கே, எந்த நாளில் போடுவது என்பது அப்படியல்ல. 2021இல் எங்கள் பக்கத்துப் பாடசாலையில் ஊசி போட்ட நாள், வரிசையில் எனக்கு முன்னால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா நின்றார். கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதல் நாள் பாதை (மிதவைப் படகு) ஏறி வாவியைக் கடந்து வந்தவர். வெள்ளாமை வெட்டு நேரம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றார். அவருடைய பெயர் அந்தக் கிராம சேவகர் பிரிவுப் பட்டியலில் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கு வந்த சுற்றறிக்கை இதுதான் அம்மா, உங்கட பிரிவிலதான் போடணும்” என்றார். அந்த அம்மா கேட்டார்: “மறுகா எப்ப மகன் எங்கட பக்கம் வருவீங்க?” அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பரிசோதகர் மாகாண ஊழியர், குளிர்சாதனப் பெட்டி மாகாணத்தினுடையது, ஊசி போட்ட குடும்பநல மாதுவும் மாகாண ஊழியர். வெட்டுக்காலத்தில் வயலோரத்துக்கு நடமாடும் அணி அனுப்ப வேண்டும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அதை முடிவாக எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர்தான் இருக்கவில்லை.

ஆகவே, ஐயா, நீங்கள் கேட்பது ஒரு பக்கம் கூடிப்போயிற்று, மறுபக்கம் குறைந்துபோயிற்று. மருந்துக் கொள்வனவைக் கேட்காதீர்கள், அதை வைத்து நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே எழுதித் தந்ததைக் கேளுங்கள். மாகாண சபைத் தேர்தல் வந்து வேட்பாளர்கள் உங்கள் படலையைத் தட்டும்போது, வீதி, வேலை பற்றிக் கேட்டது போதும். கொள்ளைநோய் வந்தால் இந்த மாகாணத்தில் ஊசி நிலையத்தை யார் தீர்மானிப்பது, அறிவித்தல் எந்த மொழியில் போவது, இறந்தவரை எந்த மையவாடியில், எந்தச் சடங்கோடு அனுப்புவது என்பதை நியதிச்சட்டமாக (மாகாண சபை இயற்றும் சட்டமாக) எழுதிக் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, எந்த ஊர்க்காரர் வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில், அவரவர் பெயரோடு போடுகிறேன்.