பக்கத்து பிளாட்டில் நாள் வாடகை: முறைப்பாட்டை எங்கே, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஐந்து மாடித் தொடர்மாடி, 18 வீடுகள். மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகளை வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் இணையம் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறார். நள்ளிரவு தாண்டியும் பாட்டு, லிப்டில் யார் யாரோ, வாசல் கதவின் இரகசிய இலக்கம் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். 119ஐ அழைத்தால் பொலிஸ் வந்து சேரும்போது சத்தம் அடங்கிவிடுகிறது. கமிட்டியைக் கேட்டால் "அவருடைய வீடு, அவருடைய உரிமை" என்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: கொழும்பில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது தன்னளவில் குற்றமல்ல. வாடகை வீடு, வாடகை அப்பார்ட்மென்ட் என்ற வகைகளில் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையே பதிவு கொடுக்கிறது. அதனால் "மூன்றாம் மாடியை வாடகைக்கு விடுகிறார்கள்" என்று மட்டும் எழுதிய கடிதம் எந்த அலுவலகத்திலும் நகராது. இரவுச் சத்தம் பொலிஸாரின் வேலை. வதிவிடத்தைத் தொழிலிடமாக்கியது மாநகர சபையின் வேலை. லிப்ட், வாசல், பொது இடம் உங்கள் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு. பதிவு இருக்கிறதா என்பது சுற்றுலா அதிகார சபையின் விடயம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் ஒவ்வோர் இடமும் மற்றதைக் கைகாட்டும். தனித்தனியாக எழுதுங்கள்.

இவற்றில் மிகப் பலமான பிடி கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி, கட்டடத்தின் கூட்டாதன (கொண்டொமினியம்) வரைபடம் பதிவானதும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிவிடும். எல்லா உரிமையாளர்களும் அதன் உறுப்பினர்கள்; நாள் வாடகைக்கு விடுகிறவரும் உறுப்பினர்தான், அதன் விதிகள் அவரையும் கட்டும். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் 'கமிட்டி' என்று இயங்குபவை சில, நாலு பேர் கூடி மெயின்டனன்ஸ் காசு சேர்க்கும் வெறும் சங்கங்கள். அவற்றின் தீர்மானம் நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் மாதாந்தப் பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் என்றால் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் தேசிய வீடமைப்புத் திணைக்களக் கட்டடத்தில் இருக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கூட்டுத்தாபனம் இல்லையென்றால் அதை ஒழுங்காக அமைப்பதுதான் முதல் வேலை.

அடுத்தது உங்கள் வீட்டு உறுதியையும் வரைபடத்தையும் எடுத்துப் படியுங்கள். வீடுகள் வதிவிடத்துக்கு என்று குறிக்கப்பட்டிருந்தால், "அவருடைய உரிமை" என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் இருக்கிறது: உரிமை வீட்டின் மேல், பயன்பாடு குறித்த நிபந்தனையோடு. பொதுக்கூட்டத்தைக் கூட்டி விதிகளை எழுத்தில் நிறைவேற்றுங்கள். முழுத் தடையைக் கேட்டுக் கூட்டத்தைத் தொடங்குவது நல்லதல்ல. ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கலியாணத்துக்கு வரும் சொந்தங்களை இதே மாதிரி வீடுகளில் இறக்கும் அயலவர்கள் எதிர்த்து வாக்களிப்பார்கள், தீர்மானம் விழுந்துவிடும். எல்லோரும் ஒத்துக்கொள்ளக் கூடியவற்றை வையுங்கள்: வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு விபரம் செக்கியூரிட்டி புத்தகத்தில் பதிய வேண்டும், ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, இரவு 10 மணிக்குப் பின் மொட்டை மாடி, பொது இடங்களில் கூட்டம் கூடாது, பொதுக் கதவின் இலக்கம் கொடுக்கப்படாது, கதவைத் திறக்கும் அட்டைதான், அதுவும் எண்ணிக்கைப்படி, இரவிலும் தொலைபேசி எடுக்கக்கூடிய, கொழும்பிலேயே இருக்கும் ஒரு பொறுப்பாளர், பொதுச் சொத்துக்குச் சேதம் வந்தால் திருத்தச் செலவு அந்த வீட்டின் கணக்கில். குறைந்தபட்சத் தங்கும் நாட்களை வைப்பதானால் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசகம் எழுதுவியுங்கள்.

தண்ணீருக்கு முழுக் கட்டடத்துக்கும் ஒரே மீற்றர் இருந்து கட்டணத்தைச் சமமாகப் பிரிக்கிறீர்கள் என்றால், அவருடைய விருந்தினரின் குளியலுக்கு நீங்களும் காசு கட்டுகிறீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் உப மீற்றர் பூட்டும் தீர்மானத்தை இதே கூட்டத்தில் கொண்டுவாருங்கள். இதை எதிர்க்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் கடிதத்தை அவருடைய அற்றோணித் தத்துவக்காரருக்கும் உறுதியில் உள்ள முகவரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் திட்டியது அறிவித்தலாகாது. கூட்டுத்தாபனம் அசையாவிட்டால் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளோடு கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் எழுத்தில் முறையிடலாம்.

இனிப் பொலிஸ். அவர்கள் வரும்போது சத்தம் நின்றுவிடுவது வழக்கம்தான்; அதனால் அழைப்பு வீண் என்று விட்டுவிடாதீர்கள். அழைத்த நேரத்தைக் குறித்துவைத்து, மறுநாள் காலை நிலையத்துக்குப் போய், சிறு முறைப்பாடுகள் பிரிவில் பதிவு போட்டு, பதிவு இலக்கத்தை வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்பது 2007இல் உயர் நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் பிறப்பித்த கட்டளை. பெரிய ஸ்பீக்கர் வைத்த கொண்டாட்டம் என்றால் அதை முறைப்பாட்டில் எழுதுங்கள். ஒரே வீட்டைப் பற்றி வெவ்வேறு திகதிகளில், வெவ்வேறு வீட்டுக்காரர்கள் போட்ட பதிவுகள் சேர்ந்தால்தான் அடுத்த படி சாத்தியம்: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத் தொல்லையை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பொதுத் தொல்லை என்பதால் பலர் பாதிக்கப்பட்டது தெரிய வேண்டும். ஒருவர் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் அயலவர் சண்டையாகத்தான் எழுதப்படும், விடயம் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்குத் திரும்பிவிடும்.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் எழுதிய கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குவது இன்னும் நல்லது.

மாநகர சபையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த ஆதன வரி இலக்கத்துக்கு வதிவிடத்திலிருந்து தங்குமிடத் தொழிலாகப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா? 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். குப்பை, கழிவுநீர் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தனியாகச் சொல்லுங்கள். தெஹிவளையில் இருப்பவர்கள் கொழும்பு மாநகர சபைக்கு எழுதிக் காலம் கடத்த வேண்டாம். அவர்களுடையது தெஹிவளை – கல்கிசை மாநகர சபை.

பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியை மாநகர சபைக்கும், காலி வீதி 80ஆம் இலக்கத்தில் இருக்கும் சுற்றுலா அதிகார சபைக்கும் அனுப்புங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. "பதிவு இல்லை" என்று கையெழுத்தோடு வரும் ஒரு வரி, பத்துப் பக்க முறைப்பாட்டைவிடக் கனமானது. பதிவு இருந்தாலும் கட்டட விதியை மீற அது அனுமதியாகாது.

விளம்பரத்தையும் இன்றே சேமித்து வையுங்கள். நாள் வாடகை விளம்பரத் தளமான ஏர்பிஎன்பியின் வரைபடத்தில் இடம் உத்தேசமாகத்தான் தெரியும்; பல்கனிக் காட்சி, லிப்ட் வாசல் படங்களை வைத்து உறுதி செய்யுங்கள். விளம்பரத்தின் தலைப்பு மாறலாம், இணைப்பில் உள்ள இலக்கம் மாறாது. விருந்தினர் விமர்சனங்கள் எந்தெந்த மாதம் ஆட்கள் தங்கினார்கள் என்பதைக் காட்டும் சான்று. அயலவர் முறையிட அந்த நிறுவனம் தனி வழி வைத்திருக்கிறது, கணக்கு இல்லாமலும் அனுப்பலாம். 2022 முதல் வீடுகளில் கொண்டாட்டங்களை அது நிரந்தரமாகத் தடை செய்திருக்கிறது, ஆகவே 'பார்ட்டி' நடந்த திகதியைக் குறிப்பிடுங்கள்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திப் பாடம் படிப்பிக்க நினைக்காதீர்கள், முறைப்பாடு உங்கள் மேல் திரும்பும். வருகிறவர்களைப் படம் பிடித்து முகநூலில் போடுவதும் அப்படித்தான். "ஆணும் பெண்ணும் வந்து தங்குகிறார்கள்" என்று எழுதவே எழுதாதீர்கள்: அது குற்றமல்ல, விருந்தினருக்கு அவமானம், உண்மையான சத்தப் பிரச்சினையையும் அலுவலர் கண்ணில் வெறும் வம்பாக்கிவிடும். திகதி, நேரம், எந்த வீடு, என்ன நடந்தது, யாரை அழைத்தீர்கள் என்பவை போதும்.