கியர்பாக்ஸை இறக்கும் முன்: கிளட்ச், ஃப்ளைவீல் கேள்வி பதில்

போன ஞாயிறு சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே என் டீசல் காருக்கு கிளட்ச் செட்டும், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீலும் மாற்றினேன். கழற்றிப் போட்ட பொருளைப் பார்த்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். முன்சக்கரம் இழுக்கும் டீசல் கார்களை வைத்துத்தான் சொல்கிறேன்.

மணலியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மேம்பாலம் ஏறும்போது ஆர்பிஎம் முள் எகிறுது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. கிளட்ச் போயிடுச்சா?

அநேகமாகப் போய்விட்டது தம்பி. காலி ரோட்டில் நாலாவது கியரில் 50இல் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே அமுக்காக அமுக்கிப் பார். முள் துள்ளி, வேகம் ஏறாவிட்டால், ஃப்ளைவீலோடு ஒட்டிச் சுழன்று விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சூட்டில் ஃப்ளைவீலும் சேர்ந்து கெடும். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் பெடலில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா என்று பார், கேபிள் இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்தால் எந்தக் கம்பெனி பிளேட்டும் தாங்காது. நிற்கும்போது நியூட்ரலில் போட்டுக் காலை எடு.

ராயபுரம்: கிளட்சை மிதித்தால் கர்ரென்று சத்தம், விட்டால் இல்லை. என்ன சார்?

ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். இதுவே நியூட்ரலில் காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அது வேறு செலவு.

பெரம்பூர்: கிளட்ச் மட்டும் மாற்றினால் போதாதா? ஃப்ளைவீல் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் வண்டியில் இருப்பது ஒரே வார்ப்பாக உள்ள சாதா ஃப்ளைவீல் என்றால் கவலையில்லை, பிளேட் உரசும் முகத்தில் விரிசல் இல்லாமல் லேசான கோடு மட்டும் இருந்தால் லேத்தில் கொடுத்து, கம்பெனி சொன்ன அளவுக்குள் சமப்படுத்தி மறுபடி போடலாம். டூயல் மாஸ் என்றால் கதை வேறு. இரண்டு வட்டு, நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள், கிரீஸ். டீசல் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியலால் அடிப்பது போல இருக்கும், அந்த உதறல் கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள்தான் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று உதறினால் அது தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். கழற்றிய பிறகு வெளிவட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு கொஞ்சம் நகர்ந்து திரும்பி வரவேண்டும். சும்மா லொடலொடவென்று ஆடினாலோ, கிரீஸ் கசிந்திருந்தாலோ, முகம் நீலம் பாய்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், எத்தனை டிகிரி வரை ஆடலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இதை லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாதா ஃப்ளைவீலாக மாற்றித் தரும் கிட்டும் கிடைக்கிறது. விலை குறைவுதான், ஆனால் ஐடிலில் கியர்பாக்ஸ் கலகலக்கும். நான் போடமாட்டேன். இன்னொன்று, மைலேஜுக்காக 30இல் நாலாவது கியர் போட்டு எஞ்சினைத் திணற விடுபவர்கள்தான் இந்த ஸ்பிரிங்கைச் சீக்கிரம் சாகடிக்கிறார்கள்.

வியாசர்பாடி: வீட்டு வாசலில், இரண்டு பேர், ஒரு ஜாக்கி. முடியுமா அண்ணா?

ஒரு ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதே. குறைந்தது இரண்டு நல்ல ஸ்டாண்ட் வேண்டும், அடியில் தடிமனான பலகை வேண்டும், வெயிலில் தார் இளகினால் ஸ்டாண்ட் கால் புதைந்துவிடும். ஹாலோ பிளாக் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. பிறகு கியர் ஆயிலை வடித்து, சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, ஸ்டார்ட்டர், கியர் கேபிள்கள் எல்லாம் கழற்றவேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டைக் கழற்றும் முன் எஞ்சினை மேலிருந்து பாரில் தொங்கவிடு, இல்லாவிட்டால் கீழே கட்டை வைத்துத் தாங்கு. கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் ஒரே நீளம் இருக்காது, அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வை. மாட்டும்போது கியர்பாக்ஸ் எடையை ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடாதே, பிளேட் நடுப்பகுதி வளைந்துவிடும். கியர்பாக்ஸைத் தூக்குவதற்குத்தான் இரண்டாவது ஆள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாமல் பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியில் துடை.

எர்ணாவூர்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி. அப்போதே எஞ்சினைச் சரி பண்ணியாச்சு, ஆனால் மிதித்தாலும் கியர் விழமாட்டேங்குது.

தண்ணீர் பெல் ஹவுசிங்குக்குள் போய், துருவில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். முதலில் கிளட்ச் ஆயில் அளவைப் பாருங்கள், காற்று புகுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். அது சரியாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கிவிடுங்கள். ஒட்டியதைக் குலுக்கி விடுவித்தாலும் துரு முகத்தில் இருக்கும், உதறல் தொடரும்.

திருவொற்றியூர்: கூடவே வேறு என்னென்ன மாற்றலாம்?

கூலியில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான், அதனால் உள்ளே கண்ணில் படுவதையெல்லாம் சந்தேகப்படுங்கள். ரிலீஸ் பேரிங், அது, ஆயில் அழுத்தத்தில் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரோடு சேர்ந்த வகை என்றால் அதுவும் புதிது. கிராங்க் பின்பக்க ஆயில் சீல். முன்பு ஒரு தடவை அந்த சீலில் ஈரம் இருந்தும் 'இன்னும் ஓடும்' என்று விட்டேன், இரண்டு மாதத்தில் ஆயில் புது பிளேட்டில் வழிந்து மொத்த வேலையும் மறுபடி. ஃப்ளைவீல் போல்ட்டுகள் பல எஞ்சின்களில் ஒரு தடவை இறுக்கினால் நீண்டுவிடும் ரகம், புதிது வாங்கி, மேனுவலில் சொன்ன டார்க்கில், அதாவது இறுக்கும் விசை அளவில், இறுக்கி, அப்புறம் சொன்ன கோணம் வரை திருப்பவேண்டும். கைக்கணக்கு வேண்டாம்.

கொடுங்கையூர்: எல்லாம் மாட்டியாச்சு, பெடல் கீழேயே நிற்கிறது!

காற்று. ப்ளீட் பண்ணுங்கள், அதாவது கிளட்ச் ஆயில் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறமும் கியர் விழாவிட்டால், மனதைத் தேற்றிக்கொண்டு யோசியுங்கள், பிளேட்டில் 'ஃப்ளைவீல் சைடு' என்று எழுதியிருந்த பக்கத்தை எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

அவரே மறுபடி: ...அது தெரியலை சார்.

அப்போ முதலில் ப்ளீட் பண்ணிப் பாருங்கள். சரியாகாவிட்டால் அடுத்த ஞாயிறு காலையில் வருகிறேன், டீ மட்டும் ரெடியாக இருக்கட்டும்.